பழைய வாக்கி-டாக்கியை உரைத்துப் பார்ப்பது எப்படி?



எங்கள் காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை வாங்க வருகிறவர்களை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? கடைக்குள் நுழைந்ததும் நிறத்தைப் பார்ப்பார்கள், கரையைப் பார்ப்பார்கள், முந்தியை விரித்துப் பார்த்து மகிழ்வார்கள். விவரம் தெரிந்த பாட்டி ஒருத்தி உடன் வந்திருந்தால் அவள் மட்டும் புடவையைத் திருப்பிப் போட்டு உட்புறத்தைப் பார்ப்பாள். உடலும் கரையும் சேருகிற கோர்வையை விரலால் தடவிப் பார்ப்பாள். ஓரத்திலிருந்து சரிகை இழை ஒன்றைக் கேட்டு வாங்கி நகத்தால் சுரண்டுவாள். மேலே பொன்னிறம், அதன் கீழே வெள்ளி, நடுவில் சிவப்புப் பட்டு இழை. இந்த மூன்றும் வரிசையாகத் தெரிந்தால்தான் பணப்பையைத் திறப்பாள்.

அந்தப் பாட்டி பௌதிகம் படித்தவள் அல்லள். ஆனாலும் அவள் செய்வது பௌதிக ஆசிரியனாகிய நான் ஆய்வுக்கூடத்தில் செய்வதுதான். கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள். பிறகு அதே கேள்வியைப் பொருளிடமே கேட்கிறாள்.

பாட்டியின் இந்தப் பழக்கம் நம்மிடம் இருந்திருந்தால் சென்ற ஆண்டு என் மாணவர்கள் 2,400 ரூபாயை இழந்திருக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய தவறு ஒன்றுக்கு அருகிலும் போயிருக்க மாட்டார்கள். அந்தக் கதையைத்தான் இம்மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வைகாசி மாதத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவையன்று எங்கள் ஊர்த் தெருக்களில் மண் போட்டால் கீழே விழாது. அன்று கூட்டத்தில் தவறிப்போகும் குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்க்கவும், தண்ணீர்ப் பந்தல்களுக்கு ஆள் அனுப்பவும் கல்லூரித் தொண்டர் குழு ஒன்று வேலை செய்யும். கூட்டம் பெருகினால் கைப்பேசி இணைப்பு திணறிவிடும். "ஆளுக்கு ஒரு வாக்கி-டாக்கி இருந்தால் எவ்வளவு வசதி!" என்று வகுப்பில் ஒருநாள் நான் சொல்லி வைத்தேன். சொன்னவன் அத்தோடு விட்டுவிட்டேன். என்ன வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

இரண்டு வாரம் கழித்து நான்கு மாணவர்கள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். இணையத்தில் ஒரு விற்பனைத் தளத்தில் பழைய இருவழி வானொலிகள் இரண்டை வாங்கியிருந்தார்கள். "ஒரிஜினல் ஜப்பான் செட் சார்! முப்பது கிலோமீட்டர் பேசுமாம்!" என்று ஒருவன் சொன்னான். பெரிய நிறுவனம் ஒன்றின் பெயர் முகப்பில் பளபளத்தது. பேட்டரியில் 7.4 வோல்ட், 2,600 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தது. பேசும் பொத்தானை அழுத்தப் போன மாணவனின் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அழுத்தாமலே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று முதலில் பார்ப்போம்.

எடை சொன்ன சாட்சி

பேட்டரியைக் கழற்றி ஆய்வுக்கூடத் தராசில் வைத்தோம். 46 கிராம் காட்டியது. அந்த ஓர் எண்ணே போதுமானதாக இருந்தது. எப்படி?

மின்னழுத்தத்தையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும் என்பது நீங்கள் படித்ததுதான். 7.4 வோல்ட்டை 2.6 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 19.2 வாட்-மணி. கடைகளில் கிடைக்கும் லித்தியம்-அயனி பேட்டரிகள் ஒரு கிலோ எடைக்குப் பெரும்பாலும் 150 முதல் 250 வாட்-மணி வரைதான் ஆற்றலைச் சேமிக்கும். மிக நல்ல பேட்டரி என்றே வைத்துக்கொண்டு 250 என்று கணக்கிட்டாலும், 19.2 வாட்-மணிக்குக் குறைந்தது 77 கிராம் எடை வேண்டும். பிளாஸ்டிக் உறையையும் சேர்த்தே நமது பேட்டரி 46 கிராம்தான் இருக்கிறது. அப்படியானால் அச்சிட்ட எண் பொய்.

மாணவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. எனவே இரண்டாவது சோதனையும் செய்தோம். பேட்டரியை முழுவதும் மின்னேற்றி, 15 ஓம் மதிப்புள்ள கம்பிச்சுற்று மின்தடை ஒன்றுடன் இணைத்தோம். ஓம் விதிப்படி சுமார் அரை ஆம்பியர் மின்னோட்டம் ஓடும். 2,600 மில்லி ஆம்பியர்-மணி என்பது உண்மையானால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் மின்னழுத்தம் சரிந்துவிட்டது. கணக்கிட்டால் ஏறக்குறைய 900 மில்லி ஆம்பியர்-மணி. தராசு சொன்னதையே மின்தடையும் சொன்னது. தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் நீதிபதிக்கு வேலை எளிது அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த இரண்டாவது சோதனையை ஆசிரியர் இல்லாமல் நீங்கள் செய்யவேண்டாம். மின்தடை கடுமையாகச் சூடேறும். லித்தியம் பேட்டரியை அளவுக்கு மேல் இறக்கினாலும், முனைகளை நேராக இணைத்தாலும், உடைத்துப் பார்த்தாலும் தீப்பற்றக்கூடும். தராசில் வைப்பதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

முப்பது கிலோமீட்டரும் ராஜகோபுரமும்

அடுத்து, "முப்பது கிலோமீட்டர் பேசும்" என்ற விளம்பரத்தை எடுத்துக்கொண்டோம்.

வாக்கி-டாக்கிகள் பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்கின்றன. பூமியோ உருண்டை. எனவே அடிவானத்துக்கு அப்பால் இருப்பவரை அந்த அலை எட்டுவது கடினம். அடிவானம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? நீங்கள் நிற்கும் உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள்; தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். பைத்தகரஸ் தேற்றத்தையும் பூமியின் ஆரத்தையும் கொண்டு இந்த வாய்பாட்டை நீங்களே வருவித்துப் பார்க்கலாம்.

கையில் பிடித்திருக்கும் கருவி தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அதன் அடிவானம் 4.4 கிலோமீட்டர். பேசுகிறவர், கேட்கிறவர் இருவருக்கும் சேர்த்து 8.8 கிலோமீட்டர். காற்றுமண்டலம் வானொலி அலையைச் சற்றே வளைத்துவிடுவதால் இன்னும் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். அப்படியும் 10 கிலோமீட்டர்தான். இதுவும் இடையில் மரமோ வீடோ இல்லாத பொட்டல்வெளிக்கான கணக்கு. காஞ்சிபுரத்து வீதிகளில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கேட்டாலே நல்ல கருவி என்று சொல்லலாம்.

சரி, முப்பது கிலோமீட்டர் எப்போது சாத்தியம்? ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தை நினைத்துப் பாருங்கள். 1509இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் எழுப்பப்பட்டது. உயரம் ஏறக்குறைய 58 மீட்டர். அதன் உச்சிக்கு அடிவானம் 27 கிலோமீட்டர். கீழே நிற்கும் நண்பனின் 4.4 கிலோமீட்டரையும் கூட்டினால் 31 ஆகிறது. ஆக, விளம்பரம் பலிக்கவேண்டுமானால் தொண்டர்களில் ஒருவர் கோபுரக் கலசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்! இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. வாங்கிய மாணவர்களும் சிரித்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கில் கருவியின் பெயர் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உலகின் மிகச் சிறந்த நிறுவனம் செய்த கருவிக்கும் பூமி உருண்டைதான். எனவே கைக்கருவிக்கு முப்பது, ஐம்பது கிலோமீட்டர் என்று அடித்துச் சொல்லும் விற்பனையாளர் மற்றவற்றைப் பற்றிச் சொல்வதையும் நீங்கள் சந்தேகத்தோடு கேட்கலாம்.

எண்ணும் முத்திரையும்

பிறகு இரண்டு கருவிகளின் பேட்டரியையும் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். இரண்டிலும் ஒரே வரிசை எண்! ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் தருவதற்காகவே அமைந்தது வரிசை எண். இரட்டைக் குழந்தைகளுக்குக்கூட ஒரே பெயர் வைப்பதில்லையே! அச்சகத்தில் ஒரே சீட்டைப் படியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று.

போலி என்பது ஏழை மாணவனை ஏமாற்றும் சில்லறைக் குற்றம் மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 18 அன்று லெபனான் நாட்டில் வாக்கி-டாக்கிகள் வெடித்துப் பலர் உயிரிழந்த செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். அவற்றின் மீது ஐகாம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த நிறுவனம் அப்போது கொடுத்த விளக்கம் நமக்கு ஒரு பாடம். அந்த மாதிரிக் கருவியை 2004 முதல் 2014 அக்டோபர் வரைதான் தாங்கள் தயாரித்ததாகவும், அதன் பேட்டரித் தயாரிப்பும் நின்றுவிட்டதாகவும், போலியைப் பிரித்தறிய ஒட்டும் ஹாலோகிராம் முத்திரை அந்தக் கருவிகளில் இல்லாததால் அவை தங்களிடமிருந்து போனவைதானா என்று உறுதி செய்ய முடியவில்லை என்றும் அது கூறியது. தயாரித்ததாகச் சொல்லப்படும் நிறுவனத்தாலேயே உறுதி செய்ய முடியாத ஒரு கருவியை, கைப்பேசித் திரையில் தெரியும் மூன்று படங்களைப் பார்த்து நாம் எப்படி உறுதி செய்வோம்?

இதிலிருந்து பழைய கருவி வாங்குவோருக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, தயாரிப்பு நின்றுபோன மாதிரியை "பிரிக்காத புதுப்பெட்டி" என்று விற்றால் உடனே சந்தேகப்படவேண்டும். மற்றொன்று, கருவி அசலாக இருந்தாலும் பேட்டரி அசலாக இருக்கும் என்ற உறுதி இல்லை. பத்து ஆண்டுப் பழைய கருவியில் புதிதாக மினுங்கும் பேட்டரி இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அசலாக இருந்தால் போதுமா?

இப்போது, மாணவனின் கையை ஏன் பிடித்தேன் என்பதற்கு வருகிறேன்.

பட்டுப் புடவை அசலா, போலியா என்று தெரிந்துவிட்டால் கேள்வி முடிந்துவிடுகிறது. அசலென்றால் மறுநாளே உடுத்திக்கொள்ளலாம். இருவழி வானொலியின் கதை அப்படியல்ல. அது அசலாகவே இருந்தாலும் அதை வைத்திருக்கவும், அதில் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நம் நாட்டில் 1933ஆம் ஆண்டின் சட்டத்திலேயே, உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருப்பது குற்றம் என்று இருந்தது. நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவிகளுக்கு அனுமதி தேவை என்றே சொல்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பட்டையில், குறைந்த திறனுடன் இயங்கும் வாக்கி-டாக்கிக்குத் தனி உரிமம் வேண்டாம். ஆனால் அந்தக் கருவி வகைக்கு மத்திய அரசின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவு தரும் வகை ஒப்புதல் சான்று இருக்கவேண்டும். என் மாணவர்கள் வாங்கிய கருவி திரையில் காட்டியது 145 மெகாஹெர்ட்ஸ். அது அமெச்சூர் வானொலியாளர்களுக்கு, அதாவது தேர்வெழுதி உரிமம் பெற்ற ஹாம்களுக்கு ஒதுக்கிய பட்டை. என் மாணவர்களிடம் அந்த உரிமம் இல்லை. என்னிடமும் இல்லை. அதனால்தான் பௌதிகம் கற்பிக்கும் நானும் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை.

"சும்மா ஒரு நிமிடம் பேசிப் பார்த்தால் என்ன சார்? யாருக்கு என்ன நட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்குப் பதில் சொல்லத்தான்.

நட்டம் யாருக்கு?

விளம்பரத்தில் பெருமையாக ஒரு வாசகம் இருந்தது: "136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் பேசும்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பரப்பு காலி மனையல்ல. கப்பல்களும் மீன்பிடி விசைப்படகுகளும் பேசிக்கொள்ளும் அதிர்வெண்கள் அதற்குள்தான் இருக்கின்றன. கடலில் ஆபத்து நேர்ந்தால் உலகெங்கும் உதவிக்கு அழைக்கும் பதினாறாம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதுவும் அதற்குள்தான். பரப்பின் கீழ்முனையோ விமானங்கள் பேசும் பட்டையின் மேல்முனையைத் தொடுகிறது.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போன மாணவன் ஒருவன் கடற்கரையில் நின்று விளையாட்டாகப் பொத்தானை அழுத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். கருவி தற்செயலாக 156.8இல் நிற்கிறது. அதே நேரத்தில் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் படகில் தண்ணீர் ஏறிய மீனவர் ஒருவர் உதவிக்கு அழைக்கிறார். கரையில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இருவர் குரலும் கலந்து கேட்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நடப்பதில்லை. இந்தக் கருவிகள் அதிர்வெண் பண்பேற்ற முறையில் இயங்குகின்றன. அம்முறையில் இரண்டு அலைகள் ஒரே அதிர்வெண்ணில் வந்தால் வலுவான அலையே வாங்கியைப் பிடித்துக்கொள்ளும். வலுக்குறைந்த அலை அடியோடு அமுங்கிவிடும். அருகில் நின்று பாட்டுப் பாடும் மாணவனின் குரல் தெளிவாகக் கேட்கும். தொலைவில் தவிப்பவரின் குரல் கேட்கவே கேட்காது. அப்படி ஒரு குரல் வந்தது என்பதுகூட யாருக்கும் தெரியாது. மாணவனுக்கும் தெரியாது.

போலிக் கருவியில் இன்னொரு குறையும் உண்டு. கோயில் நாதஸ்வரத்தில் ஒரு சுரம் வாசித்தால் அதனுடன் அதன் மடங்குகளான மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அந்த வாத்தியத்தின் இனிமையே அதில்தான் இருக்கிறது. வானொலிப் பரப்பியிலும் அப்படியே நேர்கிறது. 145 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும்போது 290, 435 என்று மடங்குகளும் பிறக்கின்றன. ஆனால் இங்கே அவை இனிமை அல்ல, இடையூறு. நல்ல கருவியில் அவற்றை வடிகட்டுவதற்கென்றே சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட வடிப்பான் சுற்று இருக்கும். போலி செய்கிறவன் முதலில் மிச்சம் பிடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஏனென்றால் வடிப்பான் இல்லாவிட்டாலும் வாங்கியவனுக்குத் தெரியாது. கருவி நன்றாகவே பேசும். அவன் பேசும் ஒவ்வொரு முறையும் வேறு எங்கோ வேறு யாருக்கோ தொல்லை போய்ச் சேரும்.

போலிச் சரிகை போட்ட புடவையை வாங்கினால் நட்டம் வாங்கியவருக்கு. போலி வானொலியை வாங்கினால் நட்டத்தில் ஒரு பங்குதான் வாங்கியவருக்கு. மீதி, முகம் தெரியாத ஒருவருக்குப் போகிறது. ஏரித் தண்ணீரைப் போல வானலையும் ஊர்ப் பொதுச் சொத்து. ஆகவே வாங்கும் முன் உரைத்துப் பார்ப்பதைச் சொந்தச் சிக்கனத்துக்கான புத்திசாலித்தனமாக மட்டும் நான் கருதவில்லை. ஊருக்குச் செய்யும் கடமையாகவே கருதுகிறேன்.

வாங்கும் முன் கேட்கவேண்டியவை

கருவி கைக்கு வந்தபின் தராசில் வைக்கலாம். வருமுன் என்ன செய்வது? விற்பவரிடம் கேள்வி கேட்கலாம்.

முதல் கேள்வி அதிர்வெண்ணைப் பற்றியதாக இருக்கட்டும். எந்தப் பட்டையில் பேசும், வகை ஒப்புதல் சான்று எண் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விலை, நிறுவனம், பேட்டரி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி, அன்றைய தேதியை எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். கருவி உண்மையிலேயே விற்பவர் கையில் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. பிறர் படத்தைத் திருடிப் போட்டவரால் இது முடியாது. இரண்டு கருவி வாங்கினால் இரண்டு எண்களும் வேறு வேறாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, தயாரித்த நிறுவனம் வெளியிட்ட விவரத்தாளை எடுத்து, அதிலுள்ள எடை, நீளம், அதிர்வெண் பரப்பு, திறன் ஆகியவற்றை விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள். நிறுவனம் சொல்வதைவிட விற்பவர் அதிகம் சொன்னால், இருவரில் ஒருவர் சொல்வது பொய். எவர் என்று ஊகிப்பது கடினமல்ல.

நான்காவது, பழைய கருவி எங்கே பயன்பட்டது, யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். அதன் நினைவகத்தில் முந்தைய உரிமையாளரின் சேனல்கள் அப்படியே இருக்கக்கூடும். அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். ரசீது இல்லாத கருவியை வாங்கவேண்டாம்.

"இவ்வளவையும் மாணவர்களாகிய நாங்களே செய்யவேண்டுமா?" என்று கேட்டால், கூடாது என்பதே என் கருத்து. காஞ்சிபுரத்தில் புடவை வாங்குகிறவர் பாட்டியை மட்டும் நம்பியிருக்கவேண்டியதில்லை. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004 முதல் பட்டுக்குத் தரமுத்திரை இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பொருளை விற்கிறவர்தான் அது இன்னது என்று நிரூபிக்கவேண்டும் என்பதே இவற்றின் பொருள். வானொலி விற்பனையிலும் அந்த முறைதான் வரவேண்டும். அதற்குத் தொடக்கமும் ஆகியிருக்கிறது. அதிர்வெண்ணையும் உரிமத் தேவையையும் ஒப்புதல் சான்றையும் சொல்லாமல் வாக்கி-டாக்கிகளை விற்றதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் இணைய விற்பனைத் தளங்களுக்கு 13 அறிவிப்புகள் அனுப்பியது. அதே மாத இறுதியில் இதற்கென்று வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. நெறிகள் ஏட்டில் நின்றுவிடாமல் இருக்கவேண்டுமானால் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் அந்த முதல் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

மலிவான கருவியெல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை. ஒப்புதல் சான்றுள்ள, 446 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசும் அரை வாட் கருவி ஒன்று, நான்கு மாட வீதிகளுக்குப் போதும். அதன் பெட்டியில் ஜப்பான் என்று எழுதியிருக்காது. முப்பது கிலோமீட்டர் என்றும் எழுதியிருக்காது. அதுவே அதன் நேர்மைக்கு ஓர் அடையாளம்.

வானொலியில் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு பாதையும் இருக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளரும் அவருடைய குழுவினரும் உரிய அனுமதியோடு போர்ட் பிளேரில் கருவிகளை நிறுவி இயக்கிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசிகள் செயலிழந்த அந்நாட்களில் தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அந்தக் குரல்கள் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், கருவியை அறிந்தவர்கள் அதை இயக்கினார்கள். அந்த அலைவரிசையில் யாரும் விளையாட்டாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கவும் இல்லை. ஹாம் தேர்வைப் பள்ளி மாணவர்களும் எழுதலாம். ஓம் விதியும் அலைநீளமும் தெரிந்த உங்களுக்குப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும்.

என் மாணவர்களின் 2,400 ரூபாய் திரும்பி வரவில்லை. பழைய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பதில் வந்தது. பேட்டரிகளை மின்கழிவு சேகரிப்பில் ஒப்படைத்துவிட்டோம். கருட சேவையன்று நான்கு சைக்கிள்களையும், ஆளுக்கொரு விசிலையும், துண்டுச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு தொண்டு செய்தோம். கொஞ்சம் மூச்சு வாங்கியது; வேலை நடந்தது.

பேட்டரி இல்லாத அந்த இரண்டு கருவிகளும் என் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அவற்றை மேசைமேல் வைத்து, பொத்தானை அழுத்தாமல் இவற்றைப் பற்றி என்னவெல்லாம் கண்டுபிடிக்கலாம் என்று கேட்கப் போகிறேன். ஒரே வரிசை எண்ணை முதலில் கண்டுபிடிப்பவர் அந்த ஆண்டு ஆய்வுக்கூடத் தராசின் பொறுப்பாளர்!